கரிசல் மண்ணும் ஒரு டன் இரும்பும்

பாஞ்சாலங்குறிச்சி பக்கம் வீட்டுக் கொட்டகையில் மில்லிங் மெஷின் வைக்கப் போறேன்னு சொன்னால் என்ன கேப்பாங்க? "மாவு அரைக்கவா, மிளகாய் வத்தல் அரைக்கவா?" :)

அந்த மில் இல்லை மக்கா. லேத்தில் இரும்பு சுத்தும், டூல் சீவும். மில்லிங்கில் கட்டர் சுத்தும், இரும்பு மேசை மேல் உட்கார்ந்து நகரும். கீவே வெட்ட, முகத்தை மட்டமாக்க, பல்சக்கரம் போட இதுதான் வேணும். அப்பா காலத்து லேத் ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. பிழைப்புக்கு இல்லை, ஆசைக்குத்தான்.

நான் தேடினது பட்டறைக்காரங்க 'எம்1டிஆர்' என்று சொல்ற ரகம். 1938-இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் வந்த டரட் மில்லைப் பார்த்து உலகம் பூரா செஞ்ச மெஷின்களில் ஒண்ணு. எடை சுமார் ஒரு டன். பழசு வாங்கணும்னா கோயம்புத்தூர்தான். பம்ப், மோட்டார், பஞ்சாலை உதிரிபாகம்னு தலைமுறை தலைமுறையா பட்டறை நடக்கிற ஊர். ஒரு பட்டறை மூடினால் மெஷின் வெளியே வரும்.

கணபதியில் ஒரு பெரியவரோட பட்டறை. மகன் வேற வேலைக்குப் போயிட்டார். "பழைய இரும்புக் கடைக்காரரு எடை போட்டு எடுத்துக்கறேங்கறாருங்க தம்பி. உடைக்கக் குடுக்க மனசு வரலீங்க" என்றார்.

பழைய மெஷினில் பெயிண்டைப் பார்க்காதீங்க. புட்டி பூசி பச்சை அடிச்சா எதுவும் மின்னும். டயல் கேஜ் கையில் இருக்கணும். வேலையெல்லாம் மேசை நடுவிலேயே நடப்பதால் லீட் ஸ்க்ரூ நடுவில்தான் அதிகம் தேயும். நடுவில் எவ்வளவு ஆட்டம், ஓரத்தில் எவ்வளவு ஆட்டம் என்று ரெண்டு இடத்திலும் பார்க்கணும். வித்தியாசம் ஜாஸ்தின்னா, நடுவுக்காக நட்டை இறுக்கினால் ஓரத்தில் பிடிச்சுக்கும். இதில் வித்தியாசம் கம்மி. விலை படிஞ்சது. பெரியவர் உள்ளே போய் ஒரு மரப்பெட்டி நிறைய கட்டரும் கோலெட்டும் கொண்டுவந்து வெச்சார். அதுக்குக் காசு வாங்கலை.

ஆனால் அங்கே பணம் கொடுத்தது பாதிக் கதைதான். மீதிச் செலவு எல்லாம் நம்ம மண்ணுக்கு.

கரிசல் மண்ணில் இருக்கிற களிமண் தாது தண்ணியை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் நிலத்தில் கை நுழையுற வெடிப்பு. ஐப்பசி மழைக்கு அத்தனையும் மூடிக்கும். மேலே இருக்கிற சுவரும் தரையும் கூடவே ஏறி இறங்கும். எங்க லேத்தே சாட்சி: வெயில்காலத்தில் நேராகக் கடையும், மழை விழுந்து தரை உப்பினதும் பெட் முறுக்கிக்கொண்டு ஒரு முனை பெருத்து வரும். இதே மண்ணுக்காகத்தான் ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் வைத்த பைல் அஸ்திவாரத்தையே உருவாக்கினது.

எனக்கு அவ்வளவு வேண்டாம். மெஷின் நிக்கிற இடத்தில் மட்டும் 5 அடி தோண்டி, கரிசலை அள்ளி வெளியே கொட்டிட்டு, சரளையை அடுக்கடுக்காகப் போட்டுக் கெட்டிச்சு, மேலே கம்பி கட்டிக் கான்கிரீட். சுவரோடயும் தரையோடயும் ஒட்டாமல் தனித் தீவு மாதிரி. குழியை எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "கும்பினிக்காரன் பீரங்கிக்கே நின்ன மண்ணுடே இது, ஒரு மெஷினைத் தாங்காதா?" என்றார். வாஸ்தவம்தான். 1801-இல் ஊமைத்துரை திரும்பக் கட்டின மண்கோட்டையை எடுக்க வெள்ளைக்காரனுக்கு மாசக்கணக்கில் ஆச்சு. ஆனா அண்ணாச்சி, கோட்டைக்கு ஸ்பிரிட் லெவல் வெச்சு யாரும் பார்க்கலையே :)

மெஷினைக் கொண்டுவந்தது பங்குனியில். மழைக்காலத்தில் எங்க வண்டிப்பாதையில் பாரவண்டி புதைஞ்சிரும். இந்த மாதிரி மெஷினுக்குக் கனமெல்லாம் தலையில் இருக்கும். அதனால் மேசையைக் கீழே இறக்கி, ராமைப் பின்னாடி தள்ளி, தலையைத் தொங்கப் போட்டு, எல்லாத்தையும் இறுக்கின பிறகுதான் தூக்கணும். பிக்கப் வண்டியில் நாலு பக்கமும் பெல்ட் போட்டு சுமார் 350 கிலோமீட்டர். மதுரை, சாத்தூர், கோவில்பட்டி, பசுவந்தனை, ஓட்டப்பிடாரம். இறக்கினது ஜேசிபி. கொட்டகைக்குள்ளே கடப்பாரையும் நாலு பைப் உருளையும். வாசலில் இருந்து இருபதடிக்கு ரெண்டு மணி நேரம்!

வீட்டில் சிங்கிள் பேஸ் கரண்ட். மோட்டாருக்கு மூணு பேஸ் வேணும். ரீவைண்டிங் கடையில் ஸ்டார் இணைப்பைப் பிரிச்சு டெல்டாவா மாத்தி, விஎஃப்டி ஒண்ணு போட்டதும் ஓடிருச்சு.

கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் லெவலை வெச்சேன். கொட்டகைத் தரை ஓரத்தில் புதுசா வெடிப்பு. மெஷின் மேசையில் குமிழி அசையலை. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

கரிசக்காட்டில் பழைய மெஷின் வாங்குறவங்க, வண்டி வாடகைக்கு முன்னாடி குழிக் கூலியைக் கணக்கில் எழுதுங்க. நான் அடுத்து லேத்துக்குத் தோண்டணும்.