என் மனைவி ஒரு ஏலியன்!

கல்யாணமாகி முதல் ஏப்ரல். கிரீன் கார்டோடு நான் நியூஜெர்ஸியில். விசாவுக்குக் காத்துக்கொண்டு அவள் திருச்சியில். 2024-ம் வருஷ வரிக் கணக்கைத் தாக்கல் பண்ண உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் 'சிங்கிள்' என்று டிக் அடிக்கப் போன கை (தாலி கட்டின கையாச்சே!) நின்றுவிட்டது. டிசம்பர் 31-ந் தேதி ஒருத்தன் கல்யாணமானவன் என்றால், வருஷம் முழுக்கவே கல்யாணமானவனாம். எங்களுக்கு முகூர்த்தம் நவம்பரில்தான்!

"மனைவியின் நம்பர்?" என்றது ஃபாரம். நம்பர் இல்லாத வெளிநாட்டு மனைவி என்றால் 'என்.ஆர்.ஏ.' என்று எழுதணும். 'நான்ரெசிடென்ட் ஏலியன்'! போனில் சொன்னேன்.

"நானா ஏலியன்? உங்கம்மா காதுல விழுந்தா, 'நான் அப்பவே சொன்னேனே'ம்பாங்க!"

சேர்ந்து தாக்கல் பண்ணினால் கழிவு 29,200 டாலர். தனியாக என்றால் பாதி, 14,600. சபலம் தட்டியது. ஆனால் அவளுடைய காலேஜ் சம்பளம், பேங்க் வட்டி எல்லாவற்றையும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்டணும். அதுகூடப் பரவாயில்லை. நம்பர் வாங்க, அவளுடைய அசல் பாஸ்போர்ட்டை, இல்லாவிட்டால் அதைக் கொடுத்த ஆபீஸே சான்று போட்ட நகலை, டெக்ஸாஸுக்கு அனுப்பணும். நகலுக்கு அலைய அவளுக்கு லீவு இல்லை. அசல் போனால் திரும்ப வாரக்கணக்காகும்.

"நடுவுல இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டா?" என்றாள்.

தனியாகவே தாக்கல் செய்தேன். மூன்று வருஷத்துக்குள் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பது ஓர் ஆறுதல். "எவ்வளவுடா நஷ்டம்?" என்று அப்பா கேட்டதற்கு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பாஸ்போர்ட் இப்போது பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில். தினமும் போனில் முதலில் அதைத்தான் விசாரிக்கிறேன் என்று அவளுக்குக் கோபம்.