நிற்கும் ஒலியை ஆட்டிவைப்பவர்

ஹைதராபாத், கிருஷ்ணா நகர். துணை நடிகர்களும் லைட்மேன்களும் வாடகைக்குக் குடியிருக்கும் நெருக்கமான தெருக்கள். டீக்கடை மாடியில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் ஸ்பாஞ்ச். உள்ளே இருப்பவர் கீபோர்டு புரோகிராமர். கோடம்பாக்கத்தில் தொழில் பழகி, தெலுங்குப் பட ரீரெக்கார்டிங்குக்காக இங்கே வந்து தங்கிவிட்டவர்.

நான் போனபோது ஒரு கார்டை அழுத்திப் பெடலை மிதித்தார். ஒலி எழுந்தது, அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்தேவிட்டது.

“ஃபிரிட்ஜ் ஓடுற மாதிரி இல்ல சார்?”

அதை அசைக்க அவரிடம் இருப்பது எல்.எஃப்.ஓ. நொடிக்கு இருபது தடவைக்கும் குறைவாக ஆடும் அலை. தனக்கென்று குரல் இல்லாதது. அது சுருதியை ஆட்டினால் விப்ரட்டோ, ஒலியளவை ஆட்டினால் ட்ரெமோலோ. ஃபில்டரை ஆட்டினால், யாரோ மெல்ல வாய் திறந்து மூடுவது போலிருக்கும். ஃபில்டருக்கு 8 நொடிக்கு ஒரு சுற்று வைத்தார். ஒலியளவுக்கு 11 நொடி. ஏன் இந்தக் கோணல் கணக்கு? இரண்டும் தொடங்கிய இடத்தில் மறுபடி சேர 88 நொடி ஆகும். அதற்குள் காட்சியே முடிந்துவிடும். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதைக் காது கண்டுபிடிக்காது.

அந்த அலை வேகமெடுத்தால்? 1967-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் அதைத்தான் செய்துபார்த்தார். விப்ரட்டோவை முடுக்கிக்கொண்டே போனபோது நடுக்கம் மறைந்து, வேறொரு நாதம் பிறந்தது. எஃப்.எம். முறை என்று பெயர் பெற்ற அதன் உரிமத்தை யமஹா வாங்கி, 1983-ல் டிஎக்ஸ்7 கீபோர்டாக விற்றது. 80-களின் பாட்டுகளில் கண்ணாடிபோல் கணீரென்று ஒலிக்கும் எலெக்ட்ரிக் பியானோவுக்கு இதுவே ஊற்று.

நம் காதுக்கு அசைவு புதிதல்ல, கமகம் அதுதானே. ஆனால் தோடியின் காந்தாரத்தை எல்.எஃப்.ஓ.விடம் ஒப்படைத்தால் குளிர்காய்ச்சல் வந்தவன் பாடுவதுபோல் ஆகிவிடும். எல்லா அசைவும் ஒரே அளவு, ஒரே வேகம். அங்கே கைதான் வேண்டும். புரோகிராமரின் இடதுகை விசைகளுக்குப் பக்கத்திலுள்ள இரண்டு சக்கரங்களுக்குப் போனது. 1970-ல் வந்த மினிமூக் பிரபலமாக்கிய ஏற்பாடு: ஒன்று சுருதியை வளைக்கும், இன்னொன்று அசைவின் ஆழத்தைக் கூட்டும். வலதுகை ஒரே விசையில் நிற்க, இடதுகைக் கட்டைவிரல் காந்தாரத்தை மேலும் கீழும் இழுத்தது. ஒவ்வோர் இழுப்பும் ஒவ்வொரு நீளம். வீணை இல்லைதான், ஆனால் காய்ச்சலும் இல்லை.

இடையில் போன் வந்தது. மிக்ஸிங்கில் இருப்பவர், வசனத்துக்கு அடியில் பேட், அதாவது அந்த நிற்கும் ஒலி, ரொம்ப அலைகிறது என்கிறார். “சரிண்ணா” என்று வைத்தவர், ஆழத்தை 40-லிருந்து 12-க்கு இறக்கினார். எனக்கு அசைவே தெரியவில்லை. எல்.எஃப்.ஓ.வை ஒரேயடியாக அணைத்துக் காட்டினார். மறுபடி ஃபிரிட்ஜ்.

12-லேயே வைத்து ஃபைலை அனுப்பிவிட்டு, கீழே எட்டி இரண்டு டீ சொன்னார்.