வெட்டொன்று துண்டிரண்டு

புதிய ஊர் ஒன்றில் கால் வைத்ததும் மற்றவர்கள் கோயிலையோ கடைத்தெருவையோ தேடுவார்கள். நான் அவ்வூர்ப் பத்திரிகையைத் தேடுவேன். ஆசிரியபீடத்தில் ஆயுளின் பெரும்பகுதியைத் தொலைத்தவனுக்கு வாய்த்த வியாதி அது. 2024 செப்டெம்பர் இறுதியில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வாழும் என் தங்கையின் மகன், இலையுதிர்கால மலைகளைக் காட்டுவதற்காக டென்வரிலிருந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோதும் வியாதி கூடவே வந்தது.

முதலில் எதிர்ப்பட்டது ஃபேர்பிளே என்னும் சிற்றூர். 1859ஆம் ஆண்டுத் தங்க வேட்டையின்போது தோன்றியது. அருகிலுள்ள இடங்களை முன்னர் வந்தவர்கள் வளைத்துப் போட்டுக்கொண்டதால் மனம் கசந்தவர்கள், இங்காவது நியாயம் நிலவட்டும் என்று ஊருக்கே அப்பெயரை வைத்தார்களாம். அவ்வூர்ப் பத்திரிகையின் பெயர் 'ஃபேர்பிளே ஃபுளூம்'. தங்கம் கலந்த மண்ணை அலசுவதற்கு நீர் கொண்டுவரும் மரவாய்க்கால்தான் ஃபுளூம். 'நியாயபுரி வாய்க்கால்' என்று நான் தமிழாக்கிச் சொன்னதும் மருமகன் சிரித்து ஓய்வதற்குள் இரண்டு வளைவுகளைக் கடந்துவிட்டோம்.

இம்மாநிலத்தின் சுரங்க ஊர்கள் யாவற்றுக்கும் இந்தக் குறும்பு உண்டு. கிரீட் என்ற ஊரில் 1892இல் தொடங்கிய பத்திரிகைக்கு 'கிரீட் கேண்டில்', அதாவது மெழுகுவர்த்தி, என்று பெயர். சுரங்கத்துக்குள் இறங்குபவனுக்கு அதைவிட வேண்டிய பொருள் வேறென்ன? அயல் மாநிலமான அரிசோனாவில், கல்லறைக்கல் என்று பொருள்படும் டூம்ஸ்டோன் நகரில், 1880இல் ஜோன் கிளம் என்பவர் தொடங்கிய பத்திரிகைக்குக் 'கல்லறை வாசகம்' என்றே பெயர்.

"என்ன பெயர்கள் மாமா இவை!" என்றான் மருமகன். நம்மவர்களின் பெயர்களை ஓர் அமெரிக்கருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிப் பார் என்றேன். 1930 முதல் கொழும்பில் வெளிவரும் வீரகேசரி, 'வீரச் சிங்கம்'. அதைக் கேட்டால் அவர் சர்க்கஸ் கம்பனி என்றல்லவா நினைப்பார்? நமக்கோ அதில் சிங்கமே தெரிவதில்லை. நெடுநாள் பழகிய பெயர் அப்படித்தான், பொருளை உதிர்த்துவிட்டு வெறும் ஒலியாக நின்றுவிடுகிறது.

மாலையில் யூரே என்னும் ஊரை அடைந்தோம். யூட் பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர் அது. மூன்று புறமும் மலைச் சுவர், நடுவே ஓர் ஒற்றைப் பெருந்தெரு, ஆயிரம் பேரும் இல்லாத குடித்தொகை. இங்கேதான் 1879இல் டேவிட் டே என்பவர் 'சொலிட் மல்டூன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் கொலராடோவில் 'கல்லாய்ச் சமைந்த மனிதன்' ஒருவனைத் தோண்டியெடுத்துக் காசு வாங்கிக் காட்டினார்கள். பின்னர் அது வார்த்தெடுத்த போலி உருவம் என்று அம்பலமானது. அவனுக்கு ஊர் வழங்கிய பெயரும் சொலிட் மல்டூன்தான்! பதினாறு வயதில் உள்நாட்டுப் போரில் போரிட்டு வீரப் பதக்கம் பெற்ற டே, பேனாவையும் அப்படியே பிடித்தவர். ஒரே காலத்தில் நாற்பத்திரண்டு அவதூறு வழக்குகள் அவர்மீது நிலுவையில் இருந்தன என்பது அப்பிரதேசத்துக் கதை. கணக்கில் பாதியைத் தள்ளினாலும் நான் எழுந்து நின்று வணங்குவேன்.

மறுநாள் காலை தெற்கே சில்வர்டனுக்குச் சென்றோம். இடையில் 11,018 அடி உயரத்தில் ரெட் மவுண்டன் கணவாய். பாதையின் பல இடங்களில் விளிம்புத் தடுப்புகள் இல்லை. பனிக்காலத்தில் பனியைப் பள்ளத்துக்குள் தள்ள வேண்டுமல்லவா? தெற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு விளிம்போரப் பாதி. அதிலும் பள்ளத்தின் பக்கம் நான். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்த கணத்தில்தான் அதைக் கண்டேன்.

மலைச்சரிவு முழுவதும் ஆஸ்பென் மரங்கள். வெள்ளை அடிமரம், மஞ்சள் இலை. மஞ்சள் என்று ஒரே சொல்லில் எழுதுவது அநியாயம். ஓரிடத்தில் எலுமிச்சை, அதையடுத்துப் பழுத்த மாம்பழம், அதற்கப்பால் இன்னும் பச்சை மாறாத திட்டு. ஆஸ்பென் மரங்கள் ஒரே வேர்த்தொகுதியிலிருந்து நூற்றுக்கணக்கில் முளைத்தெழுபவை. தோப்பாகத் தோன்றுவது உண்மையில் ஒரே உயிர். ஆகவே ஒரு குடும்பம் முழுவதும் ஒரே வேளையில் நிறம் மாற, பக்கத்துக் குடும்பம் தன் முறைக்காகக் காத்து நிற்கிறது. நம் அரசிலையைப் போல மெல்லிய காற்றுக்கே இலைகள் நடுங்கின. தட்டையான காம்பு அதற்குக் காரணம். மேலே இரும்புத்துருவேறிய சிவந்த சிகரங்கள்.

அந்த மஞ்சள் புதிதாக வருவதில்லையாம். கோடை முழுவதும் இலைக்குள் இருந்ததுதான். பச்சையம் சிதைந்து விலகிய பிறகு கண்ணுக்குத் தெரிகிறது.

பிற்பகலில் யூரேக்குத் திரும்பியபோது, பெருந்தெருவில் நாணயம் இட்டுத் திறக்கும் பத்திரிகைப் பெட்டி ஒன்று நின்றது. 'யூரே கவுண்டி பிளெயின்டீலர்', வாரப் பத்திரிகை. ஒளிவுமறைவின்றி நடப்பவன் என்பது பொருள். நம் வழக்கில் 'வெட்டொன்று துண்டிரண்டு' என்பேன். பெட்டியைக் கண்டதும் அதே ஆண்டு ஜனவரியில் வாசித்த செய்தி நினைவுக்கு வந்தது. பதின்ம வயதுப் பெண் ஒருத்திக்கு இழைக்கப்பட்டதாகக் கூறப்பட்ட பாலியல் வன்கொடுமை பற்றிய வழக்கை முதற்பக்கத்தில் இட்டு 18ஆந் திகதி பத்திரிகை வெளியானது. விடிவதற்குள் ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளும் வெறுமையாகியிருந்தன. ஒரு பிரதிக்கான காசைப் போட்டுப் பெட்டியைத் திறப்பவன் உள்ளேயிருக்கும் அத்தனையையும் அள்ளிக்கொள்ள முடியும். யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அதன் பூட்டு. பத்திரிகையை நடத்தும் தம்பதியர் அதே செய்தியுடன் மீண்டும் அச்சிட்டார்கள். எங்கோ ஒரு மலையிடுக்கின் செய்தியை நாடே வாசித்தது. எடுத்தவர் பிரதிகளைத் திருப்பிக் கொடுத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார்.

அன்று அதை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது வேறு.

எண்பதுகளில், நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றின் கட்டுகளை விநியோக வாகனத்திலிருந்து இறக்கி, நடுவீதியிலே போட்டு எரித்தார்கள். எரித்தவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. அன்றைய முதற்பக்கச் செய்தியை எழுதியவன் நான். சாரதி கருகிய பிரதியொன்றை மடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாங்கள் அனைவரும் அதைச் சுற்றி நின்றோம். அச்சு இயந்திரம் பழுதின்றி இருந்தது. கடதாசியும் இருந்தது. மீண்டும் அச்சிடுவோமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் இதழில் அவ்விடத்தில் மழைவீழ்ச்சி பற்றிய செய்தி வந்தது. அப்பத்திரிகையின் பெயரைச் சொல்லமாட்டேன். அழகான பெயர், வெளிச்சத்தைக் குறிக்கும் பெயர்.

ஒரே ஊரை இன்னோர் ஊருடன் ஒப்பிடலாகாது; எங்களுக்கிருந்த அச்சம் அந்தத் தம்பதியருக்கு இல்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டதுண்டு. அது உண்மையுங்கூட. ஆயினும் அந்தப் பெட்டியின் முன்னால் நிற்கையில் அது போதுமானதாக இருக்கவில்லை.

மருமகன் தந்த நான்கு கால் டொலர் நாணயங்களை ஒவ்வொன்றாக இட்டேன். கதவு திறந்தது. உள்ளே தடித்த அடுக்காகப் பிரதிகள். ஒன்றை எடுத்தேன்.

"எனக்கும் ஞாபகத்துக்கு ஒன்று எடுங்கள் மாமா. கதவுதான் திறந்திருக்கிறதே" என்றான்.

நான் கதவை மூடிவிட்டு, இன்னும் நான்கு நாணயங்களுக்காக அவனிடம் கையை நீட்டினேன்.