ஜாமிஆ மஸ்ஜித் நிழலில் மூன்று இரவுகள்

ஊரில் எத்துணைச் செல்வாக்கோடு வாழ்பவராயினும், பெட்டியைக் கையிலெடுத்து வாசற்படியைத் தாண்டிய மறுகணமே அவர் முசாபிராகி விடுகிறார். மார்க்கம் இதனை நன்கு அறிந்தே வைத்திருக்கிறது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளச் சலுகை உண்டு. நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளச் சலுகை உண்டு. ஜக்காத் பெறும் எண்வகையினருள் வழிப்போக்கருக்கும் ஓர் இடம் உண்டு. சொந்த ஊரில் தோப்பும் துரவும் உடையவராயினும், வழியில் கையற்று நின்றால் அவரும் ஏழையே என்பது இதன் கருத்து. இவற்றையெல்லாம் ஏடுகளில் பலமுறை படித்திருக்கிறோம். ஆயினும், அவற்றின் பொருள் எமக்கு விளங்கியது பழைய டில்லியின் ஒரு சிறிய விடுதியில், நள்ளிரவு இரண்டு மணிக்கு!

எம் துணைவியாரின் தந்தையார் ஜவுளி வியாபாரி. இளமையில் ஒருமுறை டில்லி சென்றவர், ஜாமிஆ மஸ்ஜிதின் அருகே ஒரு முசாபிர்கானாவில் தங்கி, திரும்பும்போது அப்பள்ளிவாசலின் படமொன்றை வாங்கி வந்து கூடத்தில் மாட்டினார். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த மகளுக்கு, அதனை நேரில் காண வேண்டுமென்பது நெடுநாளைய அவா. பிள்ளைகள், படிப்பு, திருமணம் என்று காலம் ஓடிற்று. சென்ற ஆண்டு ஜனவரித் திங்களில்தான் அதற்கு வேளை வந்தது. அதற்குள் அவருக்கு முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் துணைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

சென்னை சென்ட்ரலில் இரவு வண்டிக்குக் காத்திருந்தபோது, எதிரேயுள்ள சித்தீக் சராயின் நினைவு வந்தது. மேல்விஷாரத்துத் தோல் வணிகரான வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் எழுப்பிய அவ்விடத்தில் ஓர் இரவேனும் தலைசாய்க்காத சென்ற தலைமுறை முஸ்லிம் பயணி அரிதாகவே இருப்பார். அக்காலத்தில் அந்நிய ஊரில் இறங்குபவர், "இங்கே சராய் எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார். இக்காலத்தில் கேட்க வேண்டியதே இல்லை. எம் மகன் கைப்பேசியிலேயே அறையைத் தேடிப் பிடித்து, பணத்தையும் கட்டிவிட்டான். நாளொன்றுக்கு 1,200 ரூபாய். 'சன்னலிலிருந்து மினார் தெரியும்' என்றும் அதில் எழுதியிருந்தது. துணைவியாருக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

வடநாட்டு மூடுபனியில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து, காலை ஆறரை மணிக்கு வரவேண்டியது பத்து மணிக்கு வந்தது. புது டில்லி நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம், சாவ்ரி பஜார். நிலத்தடியிலிருந்து மேலே வந்தால் முந்நூறு ஆண்டுகள் பின்னே போய்விட்டோமோ எனும் மயக்கம்! திருமண அழைப்பிதழ்க் கடைகள், பித்தளைச் சாமான் கடைகள், தலைக்குமேல் சிலந்திவலையாய் மின்கம்பிகள், மூட்டை சுமப்போர், கைவண்டிகள், இவற்றினூடே ஒன்றோடொன்று முட்டி நிற்கும் சைக்கிள் ரிக்‌ஷாக்கள். மஸ்ஜிதின் தெற்கு வாசலுக்கு எதிரேயுள்ள மட்டியா மகல் கடைத்தெருவில் புகுந்து, ஷீர்மால் ரொட்டி அடுக்கிய ஒரு கடைக்கும், பெரிய தேக்சாவிலிருந்து பிரியாணியை நிறுத்து விற்கும் மற்றொரு கடைக்கும் இடையே பிரியும் சந்தில் எங்கள் விடுதி இருந்தது.

மேசையின் பின்னே அமர்ந்திருந்த மேலாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆதார் அட்டைகளை வாங்கிப் பெயர்களைப் படித்ததும் முகம் மலர்ந்து, சரளமான உருதுவில் ஏதேதோ வினவினார். நாம் விழித்தோம். "முஸ்லிம்தானே, உருது தெரியாதா?" என்று அவர் வியந்தது மட்டும் புரிந்தது. வடபுலம் சென்ற தமிழ் முஸ்லிம் எவரும் இக்கேள்விக்குத் தப்பியதில்லை. எங்கள் தாய்மொழி தமிழ் என்றும், அதில் எங்களுக்குப் பல நூற்றாண்டு இலக்கியம் உண்டென்றும் உடைந்த இந்துஸ்தானியில் விளக்க முற்பட்டோம். அதற்குள் அவர் விஷயத்திற்கு வந்துவிட்டார். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் அறை. உடனே வேண்டுமாயின் அரை நாள் வாடகை கூடுதல்!

முன்னரே சொல்லாத தொகையை இப்போது கேட்பது என்ன நியாயம் என்று நாம் வாதிட்டோம். அதுவே விதி என்றார் அவர். வாதம் வளர்ந்தது, குரல்களும் உயர்ந்தன. அருகிலிருந்த மரப்பலகையில் முழங்காலைத் தடவியபடி அமர்ந்திருந்த துணைவியாரைப் பார்த்ததும், "சரி, எழுதிக்கொள்ளுங்கள்" என்று கசப்போடு ஒப்புக்கொண்டோம்.

அடுத்த சோதனை அறையைப் பற்றியது. மினார் தெரியும் அறை மூன்றாவது மாடியில். மின்தூக்கி இல்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறை உண்டு. ஆனால் அதற்குச் சன்னலே கிடையாது. நாம் கீழ்த்தளமே போதுமென்றோம். "சன்னல் இல்லாத அறையில் படுக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? மெதுவாக ஏறிக்கொள்கிறேன்" என்றார் துணைவியார். ஏறினார். ஐம்பத்தெட்டுப் படிகள், செங்குத்தானவை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இல்லை. மேலே சென்று ஆவலோடு சன்னலைத் திறந்தால், வெண்பனியும் புகையும் கலந்த ஒரு திரை! மினார் இருக்கும் திசையையே கையால் சுட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. சிறிது நேரத்தில் அத்திரைக்கு அப்பாலிருந்து லுஹருடைய பாங்கோசை வந்தது. "கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, காதுக்குத் தெரிகிறதே" என்று அவரே எம்மைத் தேற்றினார்.

மறுநாட்காலை மஸ்ஜிதுக்குச் சென்றோம். மூன்று பெருவாசல்களுள் தெற்கு வாசலுக்கு 33 படிகள், கிழக்கு வாசலுக்கு 35, வடக்கு வாசலுக்கு 39. போஜ்லா எனும் சிறு குன்றின்மேல் ஷாஜகான் 1650-இல் தொடங்கி 1656-இல் நிறைவித்த பள்ளி அது. 1857-இன் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றிப் பூட்டினர். 1862-இல்தான் முஸ்லிம்களிடம் திருப்பித் தந்தனர். ஐந்து நேரமும் ஆயிரமாயிரம் நெற்றிகள் பதியும் அம்முற்றம் ஐந்தாண்டுகள் பாங்கொலியின்றிக் கிடந்தது என்பதை நினைக்க நெஞ்சு கனத்தது. துணைவியார் ஓர் ஓரமாக இரண்டு ரக்அத் தொழுதார். பின்னர் வெகுநேரம் வாய்திறவாது அமர்ந்திருந்தார். தந்தையாரின் நினைவாக இருக்கலாம், நாம் கேட்கவில்லை.

பின்னர் ரிக்‌ஷாவில் சாந்தினி சவுக் சென்றோம். அங்கே மூடிக்கிடக்கும் பழைய நகர மண்டபத்தின் முன்னே சற்று நின்றோம். அம்மண்டபம் ஆங்கிலேயர் எழுப்பியது. அதற்கு முன் அவ்விடத்தில் இருந்தது ஷாஜகானின் மகள் ஜகனாரா பேகம் கட்டிய சராய். பாரசீகத்திலிருந்தும் உஸ்பெக் நாட்டிலிருந்தும் வந்த வணிகர் அதில் தங்கினர். 1663-இல் டில்லியைப் பற்றிக் கடிதம் வரைந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, பாரிஸ் நகரிலும் இத்தகைய சராய்கள் இருந்தால் அந்நியர் படும் அல்லல் குறையுமே என்று ஏங்கியிருக்கிறார். அதன் மாடங்களை அவர் பாராட்டியது வியப்பன்று. இரவில் அதன் வாயிற்கதவு மூடப்படுகிறது, ஆதலால் உள்ளிருப்போர் அச்சமின்றி உறங்குகின்றனர் என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. 1857-க்குப் பின் அந்தச் சராய் இடிக்கப்பட்டது. அரசகுமாரி வழிப்போக்கருக்கென எழுப்பிய மாளிகை எங்கே, அரை நாள் வாடகைக்கு வழக்காடும் எங்கள் விடுதி எங்கே என்று பெருமூச்செறிந்தவாறு திரும்பினோம்.

திரும்பியதும் வெந்நீர்ச் சண்டை. காலை ஏழு மணிக்கு அறைக்கு ஒரு வாளி. அதற்குமேல் கேட்டால் இல்லை. பிற விருந்தினர் நிற்பதையும் பாராது, "நீர் நடத்துவது விடுதியா, கொள்ளையா?" என்று மேலாளரைக் கேட்டுவிட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பதிவேட்டைப் புரட்டினார்.

அன்றிரவுதான் அது நிகழ்ந்தது.

படியேறிய களைப்போ, பனியோடு கலந்த புகையோ, இரண்டு மணியளவில் துணைவியார் மூச்சுக்குத் திணறியபடி எழுந்து அமர்ந்தார். இன்ஹேலரை எடுத்து அழுத்தினார்; வெறும் காற்றே வந்தது. மருந்து தீரப்போகிறது என்பது எமக்குத் தெரியும். நாளை வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு நாட்களாகத் தள்ளியிருந்தோம். அறையிலிருந்த தொலைபேசி வேலை செய்யவில்லை. கீழே சென்று அந்த மேலாளரைத்தான் எழுப்ப வேண்டும்.

நாம் உடனே செல்லவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தோம், தலையணைகளை அடுக்கிச் சாய்த்து அமர்த்தினோம், சற்று நேரத்தில் தானே தணிந்துவிடும் என்றோம். பகலில் கொள்ளைக்காரன் என்று ஏசியவனிடம் இரவில் சென்று கையேந்துவதா என்று நாணிய மனத்துக்கு அத்தனையும் சாக்கு. கால் மணி நேரம் இப்படியே கழிந்தது. துணைவியார் எம் முகத்தைப் பார்த்தார். காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது. மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "கீழே போய்ச் சொல்லுங்கள்... அவரும் மனிதர்தானே..." என்றார்.

ஐம்பத்தெட்டுப் படிகளையும் இருட்டில் தடவி இறங்கினோம். வாயிற்கதவை ஒட்டிய மரப்பலகையில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு மேலாளர் உறங்கிக்கொண்டிருந்தார். தொட்டு எழுப்பி, மூச்சு விடுவதுபோல் சைகை காட்டினோம். அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. காலியான இன்ஹேலரை எம் கையிலிருந்து வாங்கி விளக்கொளியில் பெயரைப் படித்தார். "நீங்கள் மேலே சென்று சாச்சியோடு இருங்கள், சாச்சா" என்றார். இரும்புக் கதவை உயர்த்தி வெளியே குனிந்து சென்றவர், அந்த அவசரத்திலும் நின்று, அதனை மீண்டும் இறக்கி வெளிப்புறமாகப் பூட்டினார். உள்ளே பல குடும்பங்கள் உறங்குகின்றன அல்லவா? இருபது நிமிடத்தில் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வரும் ஓசை கேட்டது. புதிய மருந்து வந்தது. மூச்சு மெல்ல மெல்ல இறங்கிற்று. அல்ஹம்துலில்லாஹ்!

மருந்தின் விலைக்கான சீட்டைக் காட்டி, சில்லறையையும் எண்ணித் தந்தார். மேற்கொண்டு நாம் நீட்டிய நோட்டை அவர் தொடவில்லை. விடியும்வரை இருமுறை கதவைத் தட்டி நிலைமையை விசாரித்துச் சென்றார்.

மூன்றாம் நாள் எங்கும் செல்லவில்லை. நண்பகலில் பனி விலகிற்று. கட்டிலில் சாய்ந்திருந்தபடியே துணைவியார் மினாரைக் கண்டார். செம்மணற்கல்லும் வெண்பளிங்கும் கோடு கோடாய் அமைந்து வானில் எழுந்து நின்றது அது. "வாப்பா வாங்கி வந்த படத்தில் புறாக்கள் இல்லை" என்றார்.

நான்காம் நாட்காலையில் கணக்குத் தீர்த்தபோது அரை நாள் வாடகை அப்படியே சீட்டில் இருந்தது! நாம் வியப்போடு நிமிர்ந்து பார்க்க, மேலாளர் சிரித்தார். "சாச்சா, அது முதலாளியின் கணக்கு. நான் சம்பளக்காரன், என் சட்டைப்பையிலிருந்துதான் கட்ட வேண்டும்" என்றார். கட்டினோம். இம்முறை கசக்கவில்லை.

பின்னர், விருந்தினர் கருத்தெழுதும் ஏட்டை எம்முன் நகர்த்தினார். புரட்டினோம். 'படி ஏறிக் கால் ஓய்ந்தது' என்று ஒருவர். 'மலிவான வாடகை, நல்ல மனிதர்கள்' என்று ஒருவர். தெருவின் இரைச்சலில் உறக்கமில்லை என்று ஒருவர். அந்த இரைச்சலுக்காகவே மீண்டும் வருவேன் என்று மற்றொருவர். நாம் என்ன எழுதுவது? நன்றியுணர்வில் குறைகளை மறைப்பதா? மறைத்தால் நாளை முழங்கால் வலியோடு வரும் இன்னொருவருக்குத் துரோகம். குறைகளை மட்டும் எழுதுவதா? அது நன்றி கொன்ற செயல். ஏட்டில் எழுதும் நாலு வரியும் சாட்சியமே என்று உணர்ந்து இரண்டையும் தமிழிலேயே எழுதினோம். படிகள் ஐம்பத்தெட்டு, கைப்பிடி இல்லை; அறைத் தொலைபேசி வேலை செய்யவில்லை; வெந்நீர் ஒரு வாளிதான்; அரை நாள் வாடகையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவ்வளவும் எழுதி, இரவில் இவ்விடுதியின் கதவைக் காப்பவரை நம்பி உயிரையே ஒப்படைக்கலாம் என்று முடித்தோம்.

படித்துச் சொல்லும்படி கேட்டார், இயன்றவரை சொன்னோம். இறுதி வரிக்கு நாணித் தலையசைத்தார். ஆனால் கைப்பிடி என்ற இடத்தில் எம்மை நிறுத்தினார். "அதை மட்டும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். இரண்டு ஆண்டுகளாக முதலாளியிடம் கேட்டு வருகிறேன். விருந்தினர் எழுதினால் காட்டலாம்" என்றார். எழுதிக் கொடுத்தோம்.

பேகத்தின் சராய் இடிக்கப்பட்டது என்று பெருமூச்செறிந்தோமே, அதில் ஒரு பகுதி இடிபடாமல் அந்த மரப்பலகையில் படுத்திருந்ததை ஒரு நாள் கழித்தே கண்டோம். இரவில் கதவைப் பூட்டி, உள்ளிருப்போரின் உறக்கத்தைத் தன் பொறுப்பாக ஏற்கும் ஒருவர் உள்ள இடமே சராய்.

எனினும், அந்த ஏட்டில் நாம் எழுதாமல் விட்ட குறையொன்று உண்டு. அது விடுதியின் குறையன்று, விருந்தினரின் குறை. துணைவியார் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, எம் மானத்தைக் காத்துக்கொண்டு நாம் மேலேயே அமர்ந்திருந்த அந்தக் கால் மணி நேரம்! அதனை அங்கே எழுதக் கை வரவில்லை. இங்கே எழுதிவிட்டோம்.