சருகுக்குள் குடியிருப்பவர்கள்

திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே கல்மரப் பூங்காவையும் பார்த்துவிட்டு வருவார்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, மண்ணில் புதைந்து, மக்க வழியில்லாமல் கல்லாகிப்போன மரங்கள் அவை. எல்லா மரமும் இலையும் இப்படியே மக்காமல் கிடந்தால் நமக்கு நிற்க இடம் இருக்காது. அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்வதில் பெரும் பங்கு பூஞ்சைகளுக்கு.

விழுப்புரத்தில் பி.எஸ்சி. தாவரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி, கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு இதைத்தான் எடுத்தாள். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். "பூஞ்சையைப் படிச்சா வேலை கிடைக்குமாம்மா?" என்று கேட்டார் அப்பா. எம்.எஸ்சி. சேர்ப்பதா, படிப்பு போதுமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

நோயில்லாத பச்சை இலைக்குள்ளும் பூஞ்சைகள் உண்டு. இலைக்குக் கெடுதல் செய்யாமல் உள்ளேயே வாழ்கின்றன. வேப்பிலையில் வாழும் பூஞ்சைகளைப் பற்றிச் சென்னையைச் சேர்ந்த ராஜகோபாலும் சூரியநாராயணனும் 2000-ல் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் யூ மரத்துக்குள் வாழும் ஒரு பூஞ்சை, டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தைத் துளியளவு தயாரிப்பதாக 1993-ல் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

அவள் வேப்பிலையைத் துண்டுகளாக வெட்டி, ஆல்கஹாலிலும் பிளீச்சிலும் முக்கி எடுத்தாள். மேலே ஒட்டியிருப்பவை அதில் செத்துவிடும். பிறகும் முளைப்பது உள்ளே இருந்ததுதான். அதற்குச் சாப்பாடு, உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரும் குளுக்கோஸும். உறைய வைக்க, வீட்டில் இனிப்புக்குப் போடும் கடல்பாசி வகை. சில நாளில் இலை ஓரத்தில் பஞ்சு போல வெள்ளை இழைகள் எட்டிப் பார்த்தன.

இலை உதிர்ந்ததும் இவற்றில் சில, வெளியிலிருந்து யாரும் வரும்முன் மக்க வைக்கும் வேலையைத் தொடங்கிவிடும். அதைக் காட்ட, எடை போட்ட சருகை நைலான் வலைப் பைகளில் கட்டிக் கிணற்றடியில் புதைத்தாள். மாதத்துக்கு ஒரு பையாகத் தோண்டிக் காயவைத்து எடை போட, எடை குறைந்துகொண்டே வந்தது. குறிப்பு நோட்டில் தேதி எழுதியவர் அப்பா.

வருஷா வருஷம் அந்தச் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறவர், இந்த முறை தென்னை மரத்தடியில் கொண்டுபோய்க் கொட்டினார். எம்.எஸ்சி. பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.