ஓர் ஆள் சுமை

படகு வாங்குவதைப் பற்றி யோசனை கேட்பதற்கு ஆம்பூரைவிடப் பொருத்தமில்லாத ஊர் உண்டா என்பது சந்தேகம்தான். ஊரை ஒட்டிப் பாலாறு ஓடுகிறது என்று எழுதக் கை கூசுகிறது. கிடக்கிறது என்று சொல்லலாம். கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தில் சற்று நடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் வந்து, வயலூருக்குப் பக்கத்தில் கடலில் சேருகிற பெரிய நதி என்று பூகோளப் புத்தகம் சொல்லும். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் பாலத்தின் கீழே மணல்தான். வந்தால் ஒரேயடியாக வரும். 1903 நவம்பரில் வாணியம்பாடியைப் பாழாக்கிய வெள்ளம் அப்படி வந்தது. 2021 நவம்பரிலும் கரை புரண்டு வந்து, பாலாறு செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களைக் கொஞ்சம் பயமுறுத்திவிட்டுப் போயிற்று.

அந்த ஊரில்தான் என் நண்பர் ஒருவர், "சார், ஒரு சின்னப் படகு வாங்கணும். எது நல்லதுன்னு சொல்லுங்க" என்றார். நாவல் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்புகிற நல்ல மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நண்பர் மேல்விஷாரத்துக்காரர். ஆம்பூரில் நாற்பது வருஷமாகத் தோல் வியாபாரம். ஒரு தோலைக் கையில் எடுத்தால், மடித்துப் பார்த்து, நகத்தால் ஒரு கீறு கீறி, இது செருப்பின் மேல்பாகத்துக்கு ஆகும், இது உள்துணிக்குத்தான் ஆகும் என்று சொல்லிவிடுவார். படகு அவருக்கல்ல. அவருடைய மகள் இங்கிலாந்தில், பிளிமத் துறைமுகப் பட்டினத்தில், கணவரோடு இருக்கிறாள். இருவரும் சேர்ந்து 26 அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் அதிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, கரையோரமாகவே ஊர் ஊராகப் போய் வருவார்களாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பாய்மரப் படகுக்கு அடியில் கனமான கீல் நீட்டிக்கொண்டிருக்கும். காற்றில் கவிழாமல் காப்பது அதுதான். கரைக்கு வரவிடாமல் தடுப்பதும் அதுதான். ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, ஒரு பாட்டில் பால் வாங்குவதற்குக்கூட இன்னொரு சிறு படகில்தான் கரைக்கு வர வேண்டும். அதற்கு டிங்கி என்று பெயர். வங்காளத்து நதிகளில் ஓடும் சிறு படகின் பெயரை ஆங்கிலேயர் எடுத்துப் போய்த் தம் அகராதியில் சேர்த்துக்கொண்டார்கள். நம் கட்டுமரத்தைக் கொண்டு போகவில்லையா, அது போல.

மகள் மூன்று படங்களை அனுப்பி, "அத்தா, எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தாள். முதலாவது, ஃபைபர் கண்ணாடியில் செய்த 8 அடிப் படகு. துடுப்புப் போட்டால் நேராகப் போகும். பல வருஷம் உழைக்கும். ஆனால் ஓரத்தில் கால் வைத்தால் சாய்ந்துவிடும். பெரிய படகின் மேல்தட்டில் வைக்க இடமிருக்காது. பின்னால் கட்டி இழுத்தாலோ வேகத்தைத் தின்னும். இரண்டாவது, காற்றடைத்த ரப்பர் படகு. சுருட்டி மூலையில் வைக்கலாம், எளிதில் கவிழாது, பெரிய படகின்மேல் மோதினாலும் கீறல் விழாது. ஆனால் எதிர்காற்றில் துடுப்புப் போட்டால் முன்னே போவதற்குப் பதில் பின்னே போகும்; கூரான சிப்பி ஒன்று போதும், அதற்குச் சத்துரு. மூன்றாவது, பலகை பலகையாக மடிக்கும் படகு. அதை விரித்துப் பூட்டுவதற்குள் வாங்கப் போன கடையை மூடிவிடுவார்கள் என்று மகளே எழுதியிருந்தாள்.

நண்பருக்கு ரப்பர் படகில்தான் சுவாரசியம் பிறந்தது. அதுவும் ஒரு வகைத் தோல் அல்லவா! ஹைபலான் என்கிற செயற்கை ரப்பர் வெயிலை அதிகம் தாங்கும், விலையும் அதிகம், பி.வி.ஸி. மலிவு, வெயிலில் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்று நான் படித்துச் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "தையலா, ஒட்டா?" என்றார். ஒட்டு என்றேன். "அப்போ பிசின் விட்டா படகும் விட்டது" என்று தீர்ப்புச் சொன்னார்.

காற்றடைத்த படகு புதிய சங்கதி என்று நாம் நினைக்கிறோம். ஊதிய தோலை அணைத்துக்கொண்டு நதியை நீந்திக் கடக்கும் அசீரியப் போர்வீரர்களை, சுமார் 2,900 ஆண்டுகளுக்கு முன் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சிற்பம் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாபிலோனுக்குச் சரக்கு ஏற்றி வந்த வட்டமான தோல் படகுகளைப் பற்றி ஹெரடோட்டஸ் எழுதுகிறார். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையும் வருமாம். ஊர் சேர்ந்ததும் சரக்கை விற்று, படகின் மரச்சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்களாம். எதிர்வெள்ளத்தில் படகைச் செலுத்த முடியாதே! இதைச் சொன்னதும் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சட்டத்தை வித்துட்டுத் தோலைக் கொண்டு போனானா? வியாபாரம் தெரிஞ்சவன்!" என்றார்.

நம் நாட்டுக்கு இது அந்நியமல்ல. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாக இருந்த கூடைப் படகுகளைக் கண்டு, அவை சுற்றிச் சுற்றியே போகின்றன என்று வியந்திருக்கிறார். 1803-இல் மராத்தியர்மேல் படையெடுத்த ஆர்தர் வெல்லெஸ்லியும் நதிகளைக் கடக்கத் தோல் போர்த்திய கூடைப் படகுகளைச் செய்வித்தார். காவிரியில் அதுதான் பரிசல்.

"நம்ம கிட்டே தோல் இருக்கு, ஜவ்வாது மலையிலே மூங்கில் இருக்கு. பரிசல் மட்டும் ஏன் இல்லே?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். பாய் ஜன்னல் வழியே பாலாற்றுப் பக்கம் பார்த்தார். பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு இந்த ஆற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பது ஊரறிந்த கதை. மாசு செய்தவனே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது வேலூர்க் குடிமக்களின் வழக்கில்தான். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடியும் பேச நேர்ந்தது. "எங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தண்ணிதான் சார். நாங்க அதுக்கு என்ன போட்டோம்னு கேக்காதீங்க" என்றார்.

படகைத் தொட்டுப் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், ஒருநாள் திருப்பத்தூர், தர்மபுரி வழியாக ஒகேனக்கல் போனோம். பரிசல்களில் இப்போது தோல் இல்லை. மூங்கில் பின்னலின்மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தித் தார் பூசியிருக்கிறார்கள். பாய் நகத்தால் கீறிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

வயதான பரிசல்காரர் ஒருவர், அவருடைய தகப்பனார் காலத்தில் தோல்தான் என்றார். ஒவ்வொரு நாளும் கரையேற்றிக் கவிழ்த்து உலர்த்த வேண்டுமாம். தண்ணீரிலேயே கிடந்தால் தோல் அழுகிவிடும். "அது சரி, பரிசலை எந்த அளவுலே கட்டறதுன்னு எப்படி முடிவு பண்றீங்க? எத்தனை ஆள் ஏறணும்னு பார்த்தா?" என்று பாய் கேட்டார்.

"ஏர்ற ஆளுக்கு என்னங்க, எத்தனை பேர்னாலும் ஏறுவாங்க. வெள்ளத்தோட கீழே போயிட்டு, திரும்ப மேலே நான்தானே தலையிலே தூக்கிட்டு வரணும்? என் தலைக்குத் தாங்கற அளவுதாங்க கணக்கு" என்றார் அவர்.

எனக்கு வேல்ஸ் நாட்டு ஞாபகம் வந்தது. அங்கே டைவி ஆற்றில் இதே மாதிரிக் கூடைப் படகு உண்டு. மீன்பிடிக்கிறவன் அதை ஆமை ஓடு போல முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பான். ஒருவனுடைய படகு அவன் சுமக்கும் பாரம் என்று அவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. கடல் கடந்த இரண்டு ஆற்றங்கரைகளில், ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள், ஒரே அளவுகோலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிளிமத்துக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் சுமார் 15 அடி ஏறி இறங்கும். தண்ணீர் வற்றிய நேரத்தில் வந்து சேர்ந்தால், இருட்டில், சேற்றில், படகைத் தனியாக இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

திரும்பும் வழியில் பாய் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பெரிய படகைப் பத்தி எனக்குப் பயம் இல்லே சார். அதிலே ஏறும்போது எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்க. சின்னதுலேதான் அலட்சியம். என் தம்பி ஏரியிலே போனது வாழைமரத் தெப்பத்துலே. மூணு பேர் தெப்பம். கரை கிட்டே இருக்குதேன்னு அஞ்சு பேர் ஏறினாங்க. அவனுக்குப் பத்து வயசு."

இருபது வருஷப் பழக்கத்தில் அன்றுதான் அவருக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரிந்தது.

அன்று இரவே மகளுக்குச் செய்தி அனுப்பினார். எந்தப் படகை நீ ஒருத்தியாகக் கரைக்கு இழுத்து ஏற்ற முடியுமோ அதை வாங்கு. மாப்பிள்ளை கூட இருப்பார் என்று கணக்குப் போடாதே. வெயிலில் போடாதே, நனைந்ததை உலர்த்தாமல் சுருட்டாதே. துடுப்பு ஒன்று அதிகமாக வை. மிதவைச் சட்டை இல்லாமல் பத்தடி தூரம்கூடப் போகாதே. ஆட்கள் அதிகமாக இருந்தால் இரண்டு தடவை போ.

அவள் வாங்கியது ரப்பர் படகுதான். சின்ன அளவு, 20 கிலோவுக்குச் சற்று மேலே. தன்னந்தனியாகச் சரிவில் இழுத்து ஏற்றிவிட்டு ஒரு படம் அனுப்பியிருந்தாள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. விருந்தாளிகள் நான்கு பேர் வந்திருந்தார்களாம். கரை கூப்பிடு தூரம்தான், எல்லோரும் ஒரேயடியாகப் போய்விடலாம் என்று அவர்கள் சிரித்தார்களாம். இவள் கேட்கவில்லை, இரண்டு தடவை போனாளாம்.

பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை மறுபடியும் படித்தார். பிறகு என்னிடம் போனை நீட்டி, "நீங்களும் ஒரு தடவை படிங்க சார்" என்றார்.