பஞ்சமம் இல்லாத சுருதி

சேலத்திலிருந்து ஏற்காட்டு அடிவாரம் போகிற வழியில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. ஊரைத் தாண்டினால் சேர்வராயன் மலை. இருபது கொண்டை ஊசி வளைவுகள். இங்கே ஒரு தகர ஷீட் பட்டறையில் நான் சிந்தசைசர் கற்றுக்கொண்டு வருகிறேன். சினிமாப் பாட்டு வாசிப்பதற்காக அல்ல. மெட்டும் தாளமும் சொல்லும் இல்லாமல், தாழ்ந்த ஒலிகள் மட்டும் மெல்ல மெல்ல நகர்கிற இசைக்காக. ‘டார்க் ஆம்பியன்ட்’ என்று உலகம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. எனக்குக் கற்றுத்தருகிற பட்டறைக்கார அண்ணன் அதை ‘இருட்டுச் சுருதி’ என்பார்.

அண்ணன் பல வருஷம் லைட் மியூசிக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் மேடையெல்லாம் ஏறியவர். இப்போது ஆம்ப்ளிஃபயரும் கீபோர்டும் ரிப்பேர் பார்க்கிறார். வேலை முடிந்த பிறகு பட்டறையின் உள்மூலையில் அவருடைய சொந்தக் கருவிகள் விழித்துக்கொள்ளும்: ஒரு கோர்க் எம்.எஸ்-20 மினி, கையடக்கமான ஒரு டிஜிட்டல் சிந்த், டிலே பெடல் ஒன்று, ரிவெர்ப் பெடல் ஒன்று, ஒரு பழைய எலக்ட்ரானிக் தம்பூரா, சின்ன மிக்சர். கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் குமிழும் ஒயரும்தான்.

இந்தச் சாலைக்கு ஒலி புதிதல்ல. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இதே ஏற்காடு சாலையில்தான் இருந்தது. 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ அங்கே தயாரானது. ஸ்டூடியோ போய்விட்டது, நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. பஸ்ஸில் அதைக் கடக்கும்போதெல்லாம் அங்கே மைக் முன்னால் நின்றவர்களை நினைத்துக்கொள்வேன்.

நான் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவள். கீபோர்டு கிரேடு பரீட்சைகள் எழுதியிருந்தேன், விரல்கள் ஓடும். அதனால் எம்.எஸ்-20-இன் கட்டைகள் மேல்தான் முதலில் கை போயிற்று. அண்ணன் ஒரு கட்டை மீது 100 கிராம் எடைக்கல்லைத் தூக்கி வைத்தார். கட்டை அழுந்தியபடியே நின்றது, ஒலி நிற்காமல் வந்தது. “இனிமே கட்டை உனக்கு வேண்டாம் பாப்பா. குமிழை மட்டும் பாரு” என்றார். அதன் பிறகு வெகு காலம் கட்டைகளில் என் விரல் படவில்லை.

இதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு என்று பிறகு தெரிந்தது. பாரிஸில் 1932-இல் பிறந்த எலியான் ராடிக், 1960-களின் கடைசியில் இசையமைப்பாளர் பியர் ஹென்றியிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து ஏ.ஆர்.பி 2500 சிந்தசைசரை வாங்கிக்கொண்டு பாரிஸ் திரும்பியபோது, அதன் விசைப்பலகையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். கட்டை இருந்தால் கை அதைத் தேடும் என்பதால். அந்த ஒரே கருவியோடு பல பத்தாண்டுகள் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் நீளும் படைப்புகளை நாடாவில் செய்தார். ‘ட்ரிலோஜி த லா மோர்’ மூன்று பகுதிகளும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதில் எந்த இடத்தில் ஒலி மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆனால் மாறியிருக்கும்.

நம்மிடமும் இந்தப் பயிற்சி இருந்தது. நாதஸ்வரக் கோஷ்டியில் சேர்கிற சிஷ்யப் பையன் கையில் முதலில் ஒத்து என்ற சுருதிக் குழலைத்தான் கொடுப்பார்கள். ராகம் கிடையாது, பிருகா கிடையாது. ஒரே ஸ்வரம். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்தில் தேங்கிய காற்றை வெளியே தள்ளி, சாமி புறப்பாடு முடியும் வரை அந்த ஒரு ஸ்வரம் அறுபடாமல் பிடிக்க வேண்டும். சுருதிப் பெட்டி வந்ததும் ஒத்து ஊதுகிறவர்கள் குறைந்துபோனார்கள். எடைக்கல் வைத்த கட்டையைப் பார்க்கும்போது, அந்தப் பையன்களின் வரிசையில்தான் நானும் சேர்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

முதல் பாடம், கருவிக்குள் ஒலியைப் பிறப்பிக்கும் இரண்டு ஆசிலேட்டர்களை ஒன்று சேர்ப்பது. ஒன்றை 55 ஹெர்ட்ஸில் வைத்து, இன்னொன்றை அதே சுருதிக்கு மிக அருகில் கொண்டுவர வேண்டும். நெருங்க நெருங்க இரண்டுக்கும் நடுவே ஓர் அலை எழும்பும். வித்தியாசம் ஒரு ஹெர்ட்ஸ் இருந்தால் நொடிக்கு ஒரு முறை ஒலி பெருகி அடங்கும். 0.2 ஹெர்ட்ஸ் இருந்தால் ஐந்து நொடிக்கு ஒரு முறை. குமிழை மயிரிழை அளவு திருப்பினாலே ஐந்து நொடி மூன்றாகிவிடும். தம்பூரா கூட்டுகிறவர்கள் காதால் பிடிப்பதும் இந்த அலையைத்தான். அவர்கள் அதைக் கரைத்து ஒன்றாக்குவார்கள், நாங்கள் அதை உயிரோடு வைத்திருப்போம். இந்த இசையில் தாளம் இல்லை என்று சொன்னேன். அந்த அலைதான் அதன் மூச்சு.

“எவ்ளோ நேரம் கேக்கணுங்கண்ணா?”

“போரடிக்கட்டும். போரடிச்சப் பெறகு என்ன கேக்குதுன்னு சொல்லு.”

உண்மையாகவே கேட்டது. ஒரே ஸ்வரத்துக்குள் ஆறேழு ஒலிகள் இருந்தன. ரம்பப்பல் அலையில் மூல அதிர்வோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு எல்லாமே கலந்திருக்கும். லோ-பாஸ் ஃபில்டரின் கட்-ஆஃபை மெல்லக் குறைத்தால் மேலே உள்ளவை ஒவ்வொன்றாக மறையும். இருட்டு என்று இந்த இசையில் சொல்வது முதலில் இதைத்தான்: ஒலியின் மேல்பாதி அணைந்துபோவது. பயமுறுத்துவது இதன் நோக்கம் இல்லை.

எம்.எஸ்-20-இல் ஒலியைத் தானாக ஆட்டுவிக்கும் பகுதி ஒன்று உண்டு. அது எவ்வளவு மெதுவாக ஓடினாலும் பத்து நொடிக்கு ஒரு சுற்றுதான். எங்களுக்கு அது வேகம். கட்-ஆஃப் குமிழை ஒன்பது மணி நிலையிலிருந்து பன்னிரண்டு மணி நிலைக்குக் கொண்டுபோகப் பத்து நிமிஷம் ஆக வேண்டும் என்பது அண்ணன் கணக்கு. அந்த மெதுவை இந்தக் கருவி தராது, கைதான் தர வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குமிழில் வைத்து, முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, தோளைத் தளர்த்தி, திருப்புகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் திருப்ப வேண்டும். இதைத்தான் நான் மிக நீண்ட நாள் பழகினேன். இன்னும் பழகுகிறேன்.

சித்திரை வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே அனலாக் ஆசிலேட்டர் சுருதி நிற்காது. சூட்டுக்கு ஏற்ப அது நகரும். அதனால் கருவியைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் தொடாமல் டீ குடிப்பது எங்கள் வழக்கம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் மலைக்காற்று இறங்கினால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது அறை. பட்டறையின் இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு நடுவே பத்து அடி. அந்த அகலத்துக்குச் சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒலி இரண்டு சுவருக்கும் இடையே நின்றுகொள்ளும். சுவரோரம் நின்றால் அது வயிற்றில் அடிக்கும், நட்டநடுவே நின்றால் மெலிந்து காணாமல் போகும். ஒரே ஒலிதான், இரண்டு எட்டு வைத்தால் வேறாகிறது. அண்ணன் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொல்வார். இன்னொரு ஸ்வரத்துக்கு ஷட்டரின் தாழ்ப்பாள் மட்டும் கிடுகிடுக்கும். அதைத் துணி சுற்றி அடக்கவில்லை. எந்த ஸ்வரத்துக்கு எது அதிர்கிறது என்று தெரிந்துகொண்டு, வேண்டும்போது அதை எழுப்புகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் டிரான்ஸ்ஃபார்மர். தெருமுனையில் ஒன்று நிற்கிறது. அதன் இரும்பு உள்ளகம் மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை நீண்டு சுருங்குவதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகக் கேட்கிறது. ராத்திரியில் ஷட்டரைத் திறந்து வைத்து, டிஜிட்டல் சிந்தில் சரியாக 100 ஹெர்ட்ஸ் வைத்தோம். படிகக் கடிகாரத்தில் ஓடுவதால் அது அசையாது. அசைந்தது டிரான்ஸ்ஃபார்மர்தான். இரண்டுக்கும் நடுவே அலை எழுந்தது, நீண்டது, சுருங்கியது. மின்கட்டமைப்பில் அதிர்வெண் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. தேவை கூடினால் இறங்கும், உற்பத்தி கூடினால் ஏறும். 49.95 என்றால் டிரான்ஸ்ஃபார்மர் 99.9-இல் பாடும், அலை பத்து நொடிக்கு ஒன்று வரும். 2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர்-சோலாப்பூர் மின்தடம் வழியாகத் தென்னகக் கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்தது. அன்றிலிருந்து காஷ்மீரும் கொண்டப்பநாயக்கன்பட்டியும் ஒரே அதிர்வெண்ணில் ஓடுகின்றன. நாடு முழுவதும் விளக்கு போடுவதும் அணைப்பதும் எங்கள் தெருமுனையில் சுருதியாகக் கேட்கிறது. அதற்குச் சுருதி சேர்த்து இசை செய்கிறோம் என்பதை நினைத்தாலே எனக்கு மேல் சிலிர்க்கும்.

பிறகு வந்தது, இந்தக் கலையின் நடுப்புள்ளி என்று நான் நினைக்கும் பாடம். ஒருநாள் எலக்ட்ரானிக் தம்பூராவைப் போட்டு அதன்மேல் ஆசிலேட்டரை அடுக்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பெட்டிகளைப் பெங்களூரு ராடெல் நிறுவனத்தின் ஜி. ராஜ்நாராயண் 1970-களின் கடைசியில் உருவாக்கினார். நம் ஊரில் நின்றொலிக்கும் மின்னணுக் கருவி என்றால் முதலில் கைக்கு வருவது அதுதான். கச்சேரி மேடையில் அதைப் பார்க்காதவர்கள் கிடையாது. ஒலி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோயிலில் கண்மூடி உட்கார்ந்த மாதிரி நிறைவாக இருந்தது, இருட்டு வரவில்லை. “பஞ்சமத்தை எடுத்துடு” என்றார் அண்ணன்.

எடுத்தேன். காலுக்குக் கீழே தரை இல்லாமல் போயிற்று. ‘ச’வும் ‘ப’வும் சேரும்போது காது எது அடி என்று உறுதியாக அறிகிறது. பஞ்சமம் போனதும் ஷட்ஜமே சந்தேகத்துக்கு உள்ளாகிறது. அதன் பக்கத்தில் சுத்த ரிஷபத்தை மிகத் தாழ்ந்த ஸ்தாயியில், கேட்கிறதா இல்லையா என்ற அளவில் வைத்தால், இரண்டும் உரசி நொடிக்கு மூன்று நான்கு முறை அதிரும். வேறொன்றும் வேண்டாம். டிலே பெடலின் ஃபீட்பேக்கை, அது பிய்த்துக்கொண்டு ஓடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினால், அந்த உரசல் தன்மேல் தானே படிந்து புகையாகும். நான் கற்ற எல்லாமே இப்படி எடுத்துவிடுவதுதான். எதைச் சேர்க்கலாம் என்று அண்ணன் ஒருநாளும் கேட்டதில்லை.

பதிவு செய்வது ஒரே மூச்சில். ரெக்கார்டரை ஓடவிட்டு நாற்பது நிமிஷம், வெட்டு ஒட்டு கிடையாது. வளைவில் கியர் மாற்றி ஏறுகிற கடைசி பஸ், நாய்க் குரைப்பு, எல்லாம் உள்ளே வரும். லஸ்ட்மோர்ட் என்ற பெயரில் இசை செய்யும் பிரையன் வில்லியம்ஸ் 1990-இல் வெளியிட்ட ‘ஹெரசி’க்காகக் குகைகளுக்கும் கல்லறை அறைகளுக்கும் போய் ஒலி பதிந்தார். எங்களுக்குப் பட்டறையே போதும்.

இந்தியாவில் சிந்தசைசர் என்றால் சினிமாதான் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இலேயே அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து ஒரு மூக் சிந்தசைசரை நிறுவி, மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். பின்னணியில் இருந்தவர் கீதா சாராபாய். 1946-இல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். அவரோடு ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே ஒலிகளைச் செய்தார்கள். பிறகு கூடம் அடங்கியது. நாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பால் பர்காஸ் என்ற கலைஞர் தேடி எடுத்த பிறகு, 2023-இல்தான் அவை தொகுப்பாக வெளிவந்தன. அண்ணனும் நானும் அதை ஒருநாள் முழுதாகக் கேட்டோம். சில துண்டுகள் நேற்றுச் செய்தவை போல இருந்தன. அண்ணன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம ஊர்ல எத்தனை நாடா இப்படிப் போயிருக்கும்” என்றார்.

சேலம், நாமக்கல் பக்கம் எழுபது எண்பதுகளில் லைட் மியூசிக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. அவர்கள் வாசித்த கீபோர்டுகளும் எதிரொலிப் பெட்டிகளும், ஒத்திகை பதிந்த கேசட்டுகளும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. ஆயுத பூஜைக்கு வீடு ஒழிக்கும்போது அவை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. போடுவதற்கு முன் ஒருமுறை பிளக்கில் சொருகிப் பாருங்கள். ஒரே ஒரு ஸ்வரம் வந்தாலும் போதும், ஒரு மாணவர் கற்கத் தொடங்க அது தாராளம். வேலை செய்யாவிட்டாலும் கடைக்குப் போடாதீர்கள், கீபோர்டு ரிப்பேர் பார்க்கிற யாரிடமாவது கொடுங்கள். கேசட்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள்.